மேட்டில் வளரும் நகரம், பள்ளத்தில் சேரும் கழிவு: பெங்களூருவின் சுற்றுச்சூழல் நெருக்கடி - ஒரு விரிவான பார்வை

பெங்களூரு: இந்தியாவின் பெருநகரங்களில் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ அமைந்தவை. பெங்களூரு அப்படிப்பட்டதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், தக்காண பீடபூமியின் ஒரு முகட்டின் மீது அது அமர்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு எதுவும் நகருக்குள் இல்லை. முகட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கிழக்குச் சரிவில் விழும் மழையைத் தமிழகத்தில் தென்பெண்ணை என்று அழைக்கப்படும் தட்சிண பினாகினி ஏற்றுக்கொள்கிறது.

நகரம் இன்று எதிர்கொள்ளும் சுற்றுச்சூழல் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்த நில அமைப்பைக் கொண்டே விளக்கிவிடலாம். குடிநீரைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். பயன்படுத்திய பின் அந்த நீர் தானாகவே கீழே ஓடிவிடும். மேலே ஏற்றுவதற்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடப்பட்டது. கீழே ஓடுவதைப் பற்றிய கவலை மிகவும் தாமதமாகவே தொடங்கியது.

நாற்பது ஆண்டுகளில் ஐந்து மடங்கு

1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரு நகர்ப்பகுதியில் வாழ்ந்தவர்கள் சுமார் 16.5 லட்சம் பேர். 1991இல் இது 41 லட்சமாகவும், 2001இல் 57 லட்சமாகவும், 2011இல் 85 லட்சமாகவும் உயர்ந்தது. அதன்பின் கணக்கெடுப்பு நடைபெறவில்லை என்றாலும், நகரின் மக்கள்தொகை ஒரு கோடியைக் கடந்துவிட்டது என்பதில் எந்தத் துறைக்கும் ஐயமில்லை.

பொதுத்துறை நிறுவனங்களின் நகரமாக இருந்த பெங்களூரு, 1990களுக்குப் பின் தகவல் தொழில்நுட்பத் துறையின் மையமானது. புதிய அலுவலக வளாகங்கள் பழைய நகருக்குள் எழவில்லை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை என ஏரிகளும் வயல்களும் இருந்த தாழ்நிலப் பகுதிகளில் எழுந்தன.

2007இல் 7 நகரசபைகள், ஒரு புரசபை, 110 கிராமங்கள் ஆகியவை பழைய மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, 'புருகத் பெங்களூரு மகாநகர பாலிகே' எனப்படும் பெருநகர மாநகராட்சி உருவானது. சுமார் 226 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகர எல்லை ஒரே உத்தரவில் 700 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிந்தது. ஆனால் கழிவுநீர்க் குழாய்களும் குடிநீர்க் குழாய்களும் எல்லையோடு சேர்ந்து விரியவில்லை. 'நூற்றுப்பத்து கிராமங்கள்' என்ற சொல் அன்றிலிருந்து இன்று வரை பெங்களூருவின் நீர் அரசியலில் அடிபடுவதற்கு இதுவே காரணம். அந்த மாநகராட்சியின் இடத்தில் 2025இல் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும், அதன்கீழ் ஐந்து மாநகராட்சிகளும் ஏற்படுத்தப்பட்டன.

ஏரிகள் ஏன் வெட்டப்பட்டன?

1537இல் கெம்பே கவுடா கோட்டை கட்டிய காலத்துக்கு முன்பும் பின்பும், இப்பகுதியில் வாழ்ந்தவர்கள் ஆறு இல்லாத குறையை ஏரிகளால் தீர்த்துக்கொண்டனர். கன்னடத்தில் 'கெரே' எனப்படும் இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேலேயுள்ள ஏரி நிரம்பினால் உபரி நீர் கால்வாய் வழியாகக் கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கும் கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும். இந்த இணைப்புக் கால்வாய்களுக்கு 'ராஜகாலுவே' என்று பெயர். தமிழகத்தின் ஏரிச் சங்கிலிகளை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதியதன்று.

ஹெப்பாள், கோரமங்களா - சல்லகட்டா, விருஷபாவதி ஆகிய மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இந்த ஏரிச் சங்கிலிகள் இறங்குகின்றன. அவை வயலுக்குப் பாசனம் அளித்தன. கிணறுகளில் ஊற்று வற்றாமல் காத்தன. வெள்ளத்தையும் தாங்கிக்கொண்டன.

குழாயில் குடிநீர் வரத் தொடங்கியதும் ஏரிகளின் மதிப்பு சரிந்தது. 1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. 1930களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அதனுடன் சேர்ந்தது. குடிக்க உதவாத ஏரி, காலி மனையாகவே அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரிந்தது.

நகரின் மத்தியப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது சம்பங்கி ஏரியின் மீது. கால்பந்து மைதானம் இருப்பது சூளே ஏரியின் இடத்தில். ஹாக்கி மைதானம் இருப்பது அக்கித்திம்மனஹள்ளி ஏரியின் இடத்தில். தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பு கோரமங்களா பகுதியின் ஏரி நிலத்தில் கட்டப்பட்டது. ஏரிகளை ஆக்கிரமித்தவர்கள் என்று இன்று சுட்டப்படுவோர் பெரும்பாலும் தனியார் மனை வணிகர்களே. ஆனால் அந்த வழியை முதலில் காட்டியவை அரசு அமைப்புகளே என்பதை இந்தப் பட்டியல் நினைவூட்டுகிறது.

எஞ்சியுள்ள ஏரிகளின் எண்ணிக்கை, கணக்கெடுக்கும் துறையைப் பொறுத்து மாறுகிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் டி.வி. ராமச்சந்திரா தலைமையிலான குழு, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் பல ஆண்டுகளாக நகரின் நிலப்பயன்பாட்டை ஆராய்ந்து வருகிறது. 1970களுக்குப் பின் கட்டடப் பரப்பு ஆயிரம் சதவீதத்துக்கும் அதிகமாக உயர்ந்துள்ளது. பசுமைப் பரப்பில் 88 சதவீதமும் நீர்நிலைப் பரப்பில் 79 சதவீதமும் குறைந்துள்ளன என்பது அக்குழுவின் மதிப்பீடு.

எரியும் ஏரி

பெங்களூருவின் பெயரை உலகச் செய்திகளில் இடம்பெறச் செய்தது பெல்லந்தூர் ஏரி. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள இது நகரின் மிகப்பெரிய ஏரியாகும். கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீர் முழுவதும் இங்கு வந்து சேர்ந்தது. நகரின் மொத்தக் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த ஏரிக்கே வந்ததாகக் கணக்கிடப்பட்டது.

2015 மே மாதத்தில் ஏரியின் மேல் மிதந்த நுரையில் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தீ எழுந்தது. 2018 ஜனவரி 19ஆம் தேதி பற்றிய தீயை அணைக்க இராணுவ வீரர்கள் சுமார் 5,000 பேர் வரவழைக்கப்பட்டனர். தீயை அணைக்க ஒரு நாளுக்கும் மேலானது.

தண்ணீர் எப்படி எரியும் என்ற கேள்வி இயல்பானது. எரிந்தது தண்ணீர் அல்ல. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் உள்ள சத்துப்பொருள்களை உண்டு ஆகாயத்தாமரையும் பிற நீர்த்தாவரங்களும் ஏரியை மூடின. அவை மடிந்து அடியில் தங்கிச் சேறாயின. உயிர்வளி இல்லாத அந்தச் சேற்றில் மீத்தேன் வாயு உருவாகிறது. கரையோரத்தில் குவிந்த காய்ந்த செடிகளும் குப்பையும் அத்துடன் சேர, ஒரு தீப்பொறியே போதுமானதாக இருந்தது.

நுரைக்குக் காரணம் வேறு. துணி துவைக்கும் தூள்களிலும் பாத்திரம் துலக்கும் திரவங்களிலும் உள்ள நுரைக்கும் வேதிப்பொருள்களும் பாஸ்பேட்டும் கழிவுநீருடன் ஏரியில் சேர்கின்றன. அவற்றின் ஒரு பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்து சேறு கலங்கும்போது அவை மீண்டும் நீரில் கரைகின்றன. ஏரியின் மதகில் நீர் உயரத்திலிருந்து விழும்போது காற்று கலந்து நுரை மலை போல் எழுகிறது. பெல்லந்தூருக்குக் கீழேயுள்ள வர்த்தூர் ஏரியில் இந்த நுரை சாலை வரை பறந்து, வாகன ஓட்டிகளின் பார்வையை மறைத்தது. நுரைக்குக் காரணம் ஆலைகள் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் அதில் பெரும்பங்கு சாதாரண வீடுகளின் குளியலறைகளிலிருந்தும் சமையலறைகளிலிருந்தும் வந்ததுதான்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த விவகாரத்தைத் தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு ரூ.50 கோடியும், மாநகராட்சிக்கு ரூ.25 கோடியும் இழப்பீடாக விதித்தது. செயல்திட்டத்துக்காக ரூ.500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி என். சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கப்பட்டது. அதன்பின் கழிவுநீரை ஏரிக்குள் விடாமல் சுற்றி எடுத்துச் செல்லும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. தூர்வாரும் பணி தொடங்கியது. பணியை முடிப்பதற்கான காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது.

நூறு கிலோமீட்டர் தொலைவு, ஐந்நூறு மீட்டர் உயரம்

அர்க்காவதி ஆற்று நீர்த்தேக்கங்கள் போதாமல் போனபோது, நகரம் காவிரியை நாடியது. 1964இல் அமைக்கப்பட்ட பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம், 1974இல் காவிரி முதற்கட்டத் திட்டத்தை நிறைவேற்றியது. 1982, 1993, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த கட்டங்கள் முடிந்தன.

மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்படும் நீர், அங்கிருந்து ஹாரோஹள்ளி, தாதகுனி என மூன்று நீரேற்று நிலையங்களில் படிப்படியாக உயர்த்தப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறி நகருக்கு வருகிறது. வாரியத்தின் செலவினங்களில் மின்கட்டணம் மிகப் பெரிய பங்கைப் பெறுவது இதனால்தான். 11 ஆண்டுகள் மாற்றப்படாமல் இருந்த குடிநீர்க் கட்டணம் 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டபோது, வாரியம் முன்வைத்த காரணங்களில் மின்செலவும் ஒன்று.

காவிரியில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை நகரம் தானே தீர்மானித்துவிட முடியாது. பெங்களூருவின் மூன்றில் ஒரு பகுதி மட்டுமே காவிரிப் படுகையில் உள்ளது என்ற அடிப்படையிலேயே 2007ஆம் ஆண்டின் நடுவர் மன்றத் தீர்ப்பு நகரின் தேவையைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. கர்நாடகாவுக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கி, அதில் 4.75 டி.எம்.சி.யைப் பெங்களூருவின் குடிநீருக்கெனக் குறிப்பிட்டது. தமிழகத்துக்கான பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. மேகதாதுவில் கர்நாடகா கட்ட விரும்பும் அணைக்கும் பெங்களூருவின் குடிநீர்த் தேவையே முதன்மைக் காரணமாகக் காட்டப்படுகிறது. தமிழகம் அதைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறது.

காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 145 கோடி லிட்டராக இருந்த காவிரி நீர் வழங்கல் திறனுடன் மேலும் 77.5 கோடி லிட்டரை இது சேர்த்தது. 2007இல் இணைக்கப்பட்ட 110 கிராமங்களை மனத்தில் கொண்டே இத்திட்டம் வகுக்கப்பட்டது. இணைந்து 17 ஆண்டுகளுக்குப் பின்னரே அவற்றுக்கான காவிரி நீர் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது?

அந்த 17 ஆண்டுகளில் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆழ்துளைக் கிணறுகளையும் டேங்கர் லாரிகளையும் நம்பி வாழ்ந்தன. டேங்கர் லாரிகள் கொண்டுவருவதும் பக்கத்துக் கிராமத்து ஆழ்துளைக் கிணற்று நீர்தான்.

பெங்களூருவின் அடியில் இருப்பது கடினமான கருங்கல் பாறை. மணற்பாங்கான நிலத்தைப் போல் அது நீரைத் தேக்கி வைக்காது; பாறை வெடிப்புகளுக்கிடையே மட்டுமே நீர் தங்கும். 1,000 அடி, 1,500 அடி என்று துளையிட்டால் கிடைப்பது நெடுங்காலமாகச் சேர்ந்த இருப்பு. மேலே கான்கிரீட்டும் தாரும் மூடிய நிலத்தில் அந்த இருப்பு மீண்டும் நிரம்புவதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வகைப்பாட்டில் பெங்களூரு நகர்ப்புற மாவட்டம் 'மிகை நுகர்வு'ப் பகுதியாகவே நீடிக்கிறது. அதாவது, ஆண்டுதோறும் ஊறுவதைவிட எடுப்பது அதிகம். பீன்யா தொழிற்பேட்டை போன்ற இடங்களில் குரோமியம் உள்ளிட்ட உலோகங்கள் நிலத்தடி நீரில் கலந்திருப்பது தனிச் சிக்கல்.

2023இல் பருவமழை பொய்த்தது. அதன் விளைவு 2024 மார்ச் மாதத்தில் தெரிந்தது. நகரின் சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தெரிவித்தார். டேங்கர் நீரின் விலை பல இடங்களில் இருமடங்குக்கும் மேல் உயர்ந்தது. 12,000 லிட்டர் டேங்கருக்கு 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் ரூ.1,000 என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. வாகனம் கழுவவும், தோட்டத்துக்குப் பாய்ச்சவும், கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது, மீறினால் ரூ.5,000 அபராதம். குழாய்களில் நீரின் வேகத்தைக் குறைக்கும் காற்றுக் கலப்பிகளைப் பொருத்துமாறு வணிக நிறுவனங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் உத்தரவிடப்பட்டது.

நெருக்கடி எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. காவிரிக் குழாய் இணைப்புள்ள பழைய நகரப் பகுதிகளில் நீர் வழங்கல் பெருமளவில் தொடர்ந்தது. கிழக்குப் புறநகரின் விலையுயர்ந்த அடுக்ககங்கள் அதிக விலை கொடுத்து நீரை வாங்கின. அதே பகுதிகளில் தகரக் கூரையின் கீழ் வாழும் கட்டுமானத் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் குடத்துடன் வரிசையில் நின்றனர்.

ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் நகரம் இது. வறண்ட ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு 2009 முதல் கட்டாயம். அமைக்காத வீடுகளுக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கப்படுகிறது. அமைப்பதைவிடக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்துவது எளிது என்று கருதுவோர் குறையவில்லை. மறுபுறம், திறந்தவெளிக் கிணறுகளை மீண்டும் தோண்டும் முயற்சி ஒன்று நடந்து வருகிறது. தலைமுறைகளாகக் கிணறு வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர் சமூகத்தினர் 'பத்து லட்சம் கிணறுகள்' இயக்கத்தின் வழியாக மீண்டும் இப்பணிக்கு அழைக்கப்படுகின்றனர். மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் இத்தகைய கிணறுகள் 20 முதல் 30 அடி ஆழம் வரையிலேயே தோண்டப்படுகின்றன.

தாகமும் வெள்ளமும் ஒரே நாளில்

2022 செப்டம்பர் 5ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் பெங்களூருவில் 131.6 மில்லிமீட்டர் மழை பதிவானது. வெளிவட்டச் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், ஏமலூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளின் ஆடம்பர வீடுகளும் நீரில் மூழ்கின. அலுவலகம் செல்வோர் டிராக்டர்களில் ஏற்றிச் செல்லப்பட்ட காட்சிகள் நாடு முழுவதும் பரவின.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நின்றன. தெருவில் இடுப்பளவு நீர் நின்ற நகரில் குழாயில் குடிநீர் வரவில்லை.

மழை கடுமையாக இருந்தது உண்மை. ஆயினும் நீர் தேங்கிய இடங்களை வரைபடத்தில் குறித்தால், அவற்றில் பல பழைய ராஜகாலுவேக்களின் மீதோ ஏரிக் கரைகளை ஒட்டியோ இருப்பது தெரியவரும். மழைநீர்க் கால்வாய்கள் குறித்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதைப் புள்ளிவிவரத்துடன் சுட்டிக்காட்டியது. 1900களின் தொடக்கத்தில் விருஷபாவதி பள்ளத்தாக்கில் சுமார் 226 கிலோமீட்டர் நீளமிருந்த வடிகால்கள், 2016-17இல் 112 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தன. கோரமங்களா பள்ளத்தாக்கில் 113 கிலோமீட்டர் நீளமிருந்தவை 63 கிலோமீட்டராயின.

மிச்சமிருக்கும் கால்வாய்களின் இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பப்பட்டுள்ளது. இதனால் நீர் மண்ணில் இறங்க வழியின்றி, முன்பைவிட வேகமாகப் பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது. 2022 வெள்ளத்துக்குப் பின் ஆக்கிரமிப்புகளை இடிக்கும் பணி பெரும் விளம்பரத்துடன் தொடங்கி, சில வாரங்களில் வேகம் இழந்தது. 2025 மே மாத மழையிலும் தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின.

கட்டடத்துக்கும் நீர்நிலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. 2016இல் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. மாநிலத்தின் நகரமைப்புத் திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது.

குப்பை எங்கே போகிறது?

நகரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 டன் குப்பை சேர்கிறது. பல ஆண்டுகள் இது தரம் பிரிக்கப்படாமல் மாவள்ளிபுரா, மண்டூர் ஆகிய கிராமங்களில் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டுப்போனது, ஈக்கள் மொய்க்கின்றன, நோய் பரவுகிறது என்று கிராம மக்கள் போராடினர். 2012இல் மாவள்ளிபுராவுக்குக் குப்பை செல்வது நின்றபோது நகரத் தெருக்கள் குப்பை மேடுகளாயின. அதுவரை குப்பை எங்கே போகிறது என்பதை அறியாதிருந்த நகரவாசிகள் பலருக்கு அப்போதுதான் கிராமங்களின் நிலை தெரிந்தது. மண்டூரில் கொட்டுவது 2014 டிசம்பர் 1ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து, வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, சுகாதாரக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பது கட்டாயமானது. வார்டுதோறும் உலர் கழிவு மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் பலவற்றை முன்னாள் குப்பை சேகரிப்பாளர்களே நடத்துகின்றனர். குப்பை சேகரிப்பாளர்களுக்கு அடையாள அட்டை வழங்கிய முன்னோடி நகரங்களில் பெங்களூருவும் ஒன்று. இந்தத் துறையில் நகரம் மற்ற பெருநகரங்களைவிட முன்னே நிற்கிறது என்று சொல்லத் தடையில்லை. ஆயினும் பிரிக்கப்படாத குப்பை இன்னும் புறநகரின் கைவிடப்பட்ட கல்குவாரிகளை நோக்கியே செல்கிறது.

காற்று, மரம், வெப்பம்

'பூங்கா நகரம்' என்ற பெயர் பெங்களூருவுக்கு இயற்கையாக வாய்த்ததன்று. லால்பாக் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் குஸ்தாவ் குரும்பிகல், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்குமாறு சாலையோர மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தார். சாலை விரிவாக்கத்திலும் மெட்ரோ பணியிலும் அந்த மரங்களில் பல விழுந்தன. 2016இல் விமான நிலையச் சாலையில் திட்டமிடப்பட்ட எஃகு மேம்பாலத்துக்காக 800க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படவிருந்தபோது, மக்கள் மனிதச் சங்கிலி அமைத்துப் போராடினர். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே 2016 ஏப்ரலில் நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. மின்விசிறி தேவைப்படாத ஊர் என்ற பழைய பெருமை அப்போதே பழங்கதையாகிவிட்டது.

நகரில் பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் ஒரு கோடிக்கும் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தர அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் பெங்களூருவும் உள்ளது. டெல்லியைப் போல் குளிர்காலப் புகைமூட்டம் இங்கில்லை. வாகனப் புகையும் சாலைத் தூசியும் ஆண்டு முழுவதும் மிதமாகத் தொடர்கின்றன. அதனாலேயே அது தலைப்புச் செய்தியாவதில்லை. 2011இல் தொடங்கிய மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டு எலெக்ட்ரானிக் சிட்டியை இணைத்தது. அலுவலகங்கள் அங்கு வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே ரயில் வந்தது.

கழிவுநீரைத் தேடும் மாவட்டங்கள்

காவிரியிலிருந்து ஏற்றப்படும் நீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக மாறுகிறது. இதை ஒரு வளமாகக் கருதும் பெரிய முயற்சி 2018இல் தொடங்கியது. பெங்களூருவுக்குக் கிழக்கேயுள்ள கோலார், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத வறட்சி மாவட்டம். கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை, கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்குக் குழாய் மூலம் அனுப்புவதே திட்டம். அந்த நீர் நேரடியாகப் பாசனத்துக்கு அல்ல, நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதற்கு என்று அரசு விளக்கியது.

முதல் நீர் 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரியை அடைந்தது. அடுத்த மாதமே அங்கும் நுரை எழுந்தது. இரண்டாம் நிலை வரை மட்டுமே சுத்திகரிக்கப்படும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட், கிருமிகள் எஞ்சியிருக்கும். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கோரி விவசாயிகள் தரப்பு நீதிமன்றம் சென்றது. உயர் நீதிமன்றமும் பின்னர் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தன. 2019இல் நீர் செல்வதற்குத் தடை நீங்கியது.

இன்று கோலாரில் இரண்டு குரல்களையும் கேட்கலாம். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பியிருக்கின்றன, கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, பயிர்ப் பரப்பு கூடியிருக்கிறது என்பது ஒன்று. அந்த நீர் பாறை வெடிப்புகள் வழியே குடிநீர்க் கிணறுகளிலும் இறங்குகிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. தண்ணீரே இல்லாத விவசாயி, தரம் குறைந்த நீரை மறுக்கும் நிலையில் இல்லை என்பதே இத்திட்டத்தின் ஏற்புக்கு முக்கியக் காரணம். ஹெப்பாள் பள்ளத்தாக்கிலிருந்து சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துக்கும் இதேபோன்ற திட்டம் செயல்படுகிறது.

நகருக்குள்ளேயே சிறிய அளவில் வெற்றி பெற்ற முன்மாதிரிகளும் உள்ளன. ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், நாணலும் கோரையும் வளர்ந்த செயற்கைச் சதுப்பு நிலத்தின் வழியே வடிந்து ஏரியை அடைகிறது. ஏரியில் மீன்பிடிப்பு நடக்கிறது, பறவைகள் வருகின்றன. சர்ஜாபூர் சாலையை ஒட்டிய கைகொண்டரஹள்ளி ஏரி, அப்பகுதி மக்களும் மாநகராட்சியும் இணைந்து மீட்டெடுத்தது. இத்தகைய ஏரிகளில் அன்றாடம் மதகைக் கவனிப்பதும், கழிவுநீர் கலந்தால் உடனே புகார் அளிப்பதும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள்தாம்.

எல்லையைக் கடக்கும் நுரை

விருஷபாவதி, பசவனகுடியின் நந்தி கோயில் அருகே தோன்றுவதாகக் கருதப்படும் சிற்றாறு. மேற்கு பெங்களூருவின் வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து பைரமங்களா ஏரிக்குச் செல்கிறது. அந்த நீரைக் கொண்டு பிடதி சுற்றுவட்டாரத்தில் சாகுபடி நடக்கிறது. பின்னர் அது அர்க்காவதியில் கலந்து, கனகபுரா அருகே சங்கமத்தில் காவிரியை அடைகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மேகதாது. அதைக் கடந்தால் தமிழகம்.

கிழக்குச் சரிவில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த நீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இந்த அணை நீரை நம்பி ஓசூர் சுற்றுவட்டாரத்தில் காய்கறியும் நெல்லும் பயிரிடப்படுகின்றன. காவிரி நீர்ப்பங்கீட்டுக்கு நடுவர் மன்றமும் மேலாண்மை ஆணையமும் உள்ளன. தென்பெண்ணையில் வந்து சேரும் கழிவுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. இரு மாநிலங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் அவரவர் எல்லையில் நீர் மாதிரிகளை எடுக்கின்றன.

பெங்களூருவில் கனமழை பெய்து ஏரிகளின் சேறு கலங்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த ஓரிரு நாள்களில் கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கப்படும் நீரில் வெண்ணுரை குவிகிறது. தரைப்பாலத்தை நுரை மூடும்போது போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. தீயணைப்பு வீரர்கள் நீரைப் பீய்ச்சி நுரையைக் கலைக்கின்றனர். கரையோர விவசாயிகள் அந்த நீரையே வயலுக்குத் திருப்பிவிடுகின்றனர்.